கட்டடப் பரிசோதகர் வேலைக்கு நம் பிள்ளைகள் வரவேண்டும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள் "டாக்டராகுங்கள், வக்கீலாகுங்கள்" என்று வாழ்த்திவிட்டுப் போவது வழக்கம். நல்ல வாழ்த்துத்தான், நானும் வாழ்த்துகிறேன். ஆனால் இன்று நான் பேச வந்தது மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு வேலையைப் பற்றி. அதுதான் கட்டடப் பரிசோதகர் வேலை. நான் அந்தத் துறையில் காலம் தள்ளியவன் என்பதால்தான் உங்கள் தலைமையாசிரியர் என்னை அழைத்திருக்கிறார். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள் பெரியவர்கள். இரண்டும் எவ்வளவு கஷ்டம் என்பதற்காகச் சொன்ன பழமொழி அது. எங்கள் தொழிலில் அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்வோம்: வீட்டைக் கட்டும்போதே பார். ஏன் தெரியுமா? கட்டி முடித்த பிறகு பார்க்க முடியாதவைதான் ஒரு வீட்டில் முக்கியமானவை. அடித்தளம் மண்ணுக்குள் போய்விடும். கம்பி காங்கிரீட்டுக்குள் மறைந்துவிடும். சாயம் பூசிவிட்டால் நல்ல சுவரும் கெட்ட சுவரும் ஒரே மாதிரித்தான் பளபளக்கும். மூடுவதற்கு முன்னால் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பரிசோதகர்.

இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் ஏன் வரவேண்டும்? அதற்கு நம் வட்டாரத்துக் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கவேண்டும்.

இந்த நாட்டில் செம்பனையை வாணிப முறையில் முதன்முதலாக நட்டது 1917இல், நம் கோல சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ராஜா மூசா, இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை என எங்கு பார்த்தாலும், காடு வெட்டிக் கித்தாவும் செம்பனையும் போட்டவர்கள் நம் பாட்டன், பூட்டன்மார்கள். ஆனால் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டை எங்கே கட்டுவது, எத்தனை அறை வைப்பது, கூரைக்கு அத்தாப்பா தகரமா என்று முடிவு செய்தவர்கள் வேறு. பார்வையிட வந்தவர்களும் வேறு. துரை வந்தார், டிரெஸர் வந்தார், லேபர் ஆபீஸ் அதிகாரி வந்தார். நம்மவர்கள் அஞ்சடியில் கைகட்டி நின்றார்கள்.

வீடு எங்கே நிற்கிறது, அதைச் சுற்றித் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. பக்கத்துக் கிள்ளானிலேயே அதற்குச் சான்று உண்டு. 1901இல் அங்கு பணிக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சலில் மக்கள் மடிவதைக் கண்டார். சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடியச் செய்யும் வேலை நடந்தது. கிள்ளானிலும் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட போர்ட் கிள்ளானிலும் சில ஆண்டுகளிலேயே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. மருந்து சீசாவோடு நில்லாமல் கால்வாயையும் பார்த்த டாக்டர் அவர். கட்டடப் பரிசோதகர் செய்வதும் அதே இனத்து வேலைதான். நோய் வருமுன், சுவர் விழுமுன் போய்ப் பார்ப்பது.

பிறகு சட்டங்கள் வந்தன. தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரம் பற்றி 1966இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் இன்னும் விரிவான 446ஆம் சட்டம் வந்தது. தொழிலாளர் குடியிருப்பை நிர்வாகம் வாரம் ஒரு முறையாவது பார்வையிட வேண்டும் என்பது அதிலுள்ள விதி. 2019இல் செய்த திருத்தம் 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழிலாளர் தங்குமிடங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆக, சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் தானாக நடந்து போய் ஒழுகும் கூரையைப் பார்க்காது. கால் உள்ள மனிதன்தான் போகவேண்டும்.

இன்று நிலைமை இன்னொரு விதமாகவும் மாறியிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் தாமானுக்கு வந்தார்கள். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய 5 தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்துக் கிடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் சேர்த்த சேமநிதிப் பணத்தை ஒரே ஒரு வீட்டில் போடுகிறார் ஒரு தாத்தா. அது அவருடைய முதல் வீடு, கடைசி வீடும் அதுவே. அதன் அடித்தளம் சரியில்லை என்றால் அவருக்கு இன்னொரு சேமநிதி கிடையாது. அந்த வீட்டை அவருக்காக யார் பார்ப்பது? இதுதான் என் கேள்வி. நான் இங்கு வந்ததே இதைக் கேட்கத்தான்.

சரி, பரிசோதகர் என்ன பார்க்கிறார்?

முதலில் மண். ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் என்று நம் கடலோரம் முழுவதும் இளகிய களிமண். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், கீழே சகதி. பாரம் ஏற ஏற அதற்குள் இருக்கும் தண்ணீர் மெல்லப் பிழியப்பட்டு, தரை ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே ராஜா மூசா பக்கம் போனால், இலைதழை மக்கிச் சேர்ந்த சதுப்பு மண். அது காய்ந்தால் சுருங்கும், தீப்பிடித்தால் அடியிலேயே நாள்கணக்கில் புகையும். இப்படிப்பட்ட மண்ணில் வீடு நிற்பதற்குத்தான் பைல் அடிக்கிறார்கள். முன்பு பக்காவ் மரக் கட்டை அடித்தார்கள், இப்போது பெரும்பாலும் காங்கிரீட் பைல்.

இனி ஒரு காட்சியைக் கவனியுங்கள். தாமானில் வீடு வாங்கிய நம்மவர் ஒருவர் பின்பக்கம் குசினியை இழுத்துக் கட்டுகிறார். அசல் வீடு பைல் மேல் நிற்கிறது. புதுக் குசினி வெறும் மண் மேல் நிற்கிறது. இரண்டு வருஷம் கழித்துப் பாருங்கள். குசினி இறங்கியிருக்கும், வீடு இறங்கியிருக்காது. இரண்டும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆள் கூப்பிட்டுச் சிமெந்து பூசுவார், மறுபடியும் விரியும். "யார் கண்ணு பட்டுச்சோ" என்று எலுமிச்சம்பழம் கட்டுவார். கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை ஐயா. அடியில் பைல் இல்லை, அவ்வளவுதான்!

அடுத்தது கம்பி. காங்கிரீட் ஊற்றுவதற்கு முன் பரிசோதகர் பலகை அடைப்புக்குள் குனிந்து பார்ப்பார். வரைபடத்தில் சொன்ன கம்பி இருக்கிறதா, எண்ணிக்கை சரியா, பலகைக்கும் கம்பிக்கும் இடையே போதிய இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று கவனிப்பார். கம்பி பலகையை ஒட்டிக் கிடந்தால் நாளைக்கு அது வெளியே தெரியும், ஈரம் பட்டுத் துருப்பிடித்து வீங்கும், காங்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

பிறகு காங்கிரீட். ஊற்ற லேசாக இருக்கட்டும் என்று சிலர் தண்ணீரைக் கூட்டிக் கஞ்சி போலாக்கிவிடுவார்கள். அங்கேதான் பலம் போகிறது. அதைக் கண்டுபிடிக்க 300 மில்லிமீட்டர் உயரமுள்ள இரும்புக் கூம்பில் காங்கிரீட்டை நிரப்பி, கூம்பைத் தூக்கிவிட்டு, குவியல் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். அத்துடன் 150 மில்லிமீட்டர் கட்டிகளாக வார்த்து வைத்து, 28 நாள் கழித்து இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். காங்கிரீட்டுக்கு வைக்கும் பரீட்சை இது. உங்களுக்கு ஆண்டுக்கு ஒரு பரிசளிப்பு, அதற்கு 28ஆம் நாள்!

அடுத்தது அளவு. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட உபவிதிகள் என்று ஒன்று உண்டு. வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டாவது 9.3, மற்றவை 6.5. வெளிச்சத்துக்கான சன்னல் அறையின் பரப்பில் 10 விழுக்காடாவது இருக்கவேண்டும். காற்றுக்குத் திறக்கும் பகுதி 5 விழுக்காடு. படிக்கட்டின் ஒரு படி 180 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, கால் வைக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏனோதானோ என்று போட்ட எண்கள் அல்ல இவை. முட்டி வலிக்கும் பாட்டி ஏறுவதற்காக, இருட்டறையில் குழந்தை இருமாமல் இருப்பதற்காக வைத்த எண்கள்.

முன்பெல்லாம் கட்டடம் முடிந்ததும் ஊராட்சி மன்றம்தான் குடியேறத் தகுதிச் சான்றிதழ் தரும். 2007 ஏப்ரல் 12 முதல் அந்த முறை மாறியது. இப்போது கட்டடத்துக்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ, பொறியாளரோ, பதிவு பெற்ற வரைவாளரோ சி.சி.சி. என்னும் நிறைவுச் சான்றிதழில் கையெழுத்திடுகிறார். அதற்கு முன் ஜி1 முதல் ஜி21 வரை 21 பாரங்கள். அடித்தளத்துக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, கழிவுநீருக்கு ஒன்று என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறுப்பாளர்கள் கையொப்பம் இடவேண்டும். ஊராட்சி மன்ற அதிகாரி வரைபடத்தை ஆராய்கிறார், இடத்துக்குப் போய்ப் பார்க்கிறார், விதிமீறல் கண்டால் சான்றிதழை நிறுத்தச் சொல்கிறார், அனுமதியில்லாக் கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கிறார். கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், அவர் கண்ணாக நின்று பார்க்கிறவர்கள் பலர். அந்தப் பலரில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சிலாங்கூரே சாட்சி. 1993 டிசம்பர் 11. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் 12 மாடிக் கட்டடங்கள் மூன்றில் ஒன்று அப்படியே சாய்ந்து விழுந்தது. 48 பேர் மாண்டார்கள். பல நாள் மழை. பின்னால் இருந்த மலைச் சரிவில் வடிகால் சரியில்லை. மண்ணைத் தாங்கிய தடுப்புச் சுவர்கள் சரிந்தன. மண் கட்டடத்தின் அடியைத் தள்ளியது. கட்டடத்துக்குள் மட்டும் பார்த்தால் போதாது, சுற்றியுள்ள தண்ணீரையும் மண்ணையும் பார்க்கவேண்டும் என்று இந்த நாட்டுக்கே அது கற்பித்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)ஆம் பிரிவு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது, ஆகவே அதனிடம் நஷ்டஈடு கோர முடியாது என்று 2006இல் தீர்ப்பாயிற்று. செல்வங்களே, சட்டம் மன்றத்தைக் காப்பாற்றலாம். கூரைக்கு அடியில் தூங்குகிறவனைக் காப்பாற்றுவது, முன்கூட்டியே போய்ப் பார்த்த கண் ஒன்றுதான்.

இந்த வேலையில் மிகக் கடினமானது எது என்று கேட்டால், வெயிலோ சேறோ ஏணியோ அல்ல என்பேன். "முடியாது" என்று சொல்வதுதான் கடினம். அதிலும் நம்மவரிடம் சொல்வது இன்னும் கடினம். வயதில் பெரியவர் ஒருவர் ஒருமுறை என் தோளில் கைபோட்டு, "தம்பி, நம்ம ஆளுதானே, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றார். "ஐயா, பாத்துத்தான் குடுப்பேன். நீங்க பாக்காம குடுக்கச் சொல்றீங்க, அதுதான் முடியாது" என்றேன். அவர் கோபித்துக்கொண்டு போனார். பிறகு அவரே பிளான் போட்டு அனுமதி வாங்கிக் கட்டினார். இன்றும் எங்கே கண்டாலும் நின்று பேசுவார்.

கோயில் காரியத்திலும் இதே கதைதான். "சாமி வேலை, இதுக்குமா பிளான்?" என்பார்கள். சாமிக்கு ஒன்றும் ஆகாது. திருவிழா அன்று மாடியில் நெருக்கியடித்து நிற்கும் ஜனங்களுக்குத்தான் ஆகும். 1988 ஜூலை 31இல் பட்டர்வொர்த் படகுத் துறையில் விழாக் கூட்டம் நெரிந்து மேல்தளம் இடிந்து விழுந்தது, 32 பேர் இறந்தார்கள். கூட்டத்தின் எடை பக்தியைப் பார்த்துக் குறையாது.

காப்பிக் காசு பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீட்டுவார்கள். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கொடுப்பவனும் குற்றவாளி, வாங்குபவனும் குற்றவாளி. சட்டத்தை விடுங்கள். வாங்கிய ஐம்பது வெள்ளி ஒரு வாரத்தில் கரைந்துவிடும். ஒளித்த வெடிப்பு கரையாது, வளரும்.

இனி வழியைச் சொல்கிறேன். பெற்றோர்களே, நீங்களும் கேளுங்கள்.

எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட் வேண்டும், அரசாங்க வேலைக்கு அது வாசற்படி. வரலாற்றில் தேர்ச்சி வேண்டும். கணிதத்தைக் கைவிடாதீர்கள். பிறகு சிவில் பொறியியல், கட்டடத் தொழில்நுட்பம், கட்டடக் கலை ஆகியவற்றில் ஒன்றில் டிப்ளோமா படிக்கவேண்டும். 1969இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார்தான் நாட்டின் முதல் பாலிடெக்னிக். இன்று அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, சபாக் பெர்ணத்திலேயே சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது. ஏட்டுப் படிப்பில் நாட்டம் குறைந்த பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகள் உண்டு, மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. எஸ்.பி.எம்.மில் நாலு பாடம் போனதென்று பையனை வீட்டில் உட்காரவைக்காதீர்கள்.

வேலை விளம்பரத்தில் "கட்டடப் பரிசோதகர்" என்ற பெயரையே தேடாதீர்கள். ஊராட்சி மன்றத்திலும் பொதுப்பணித் துறையிலும் அது பெரும்பாலும் "பெனோலோங் ஜுருத்தெரா", அதாவது துணைப் பொறியாளர் என்ற பெயரில் வரும். கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம், சபாக் பெர்ணம் மாவட்ட மன்றம் ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். தொழிலாளர் வீடுகளைப் பார்க்கத் தொழிலாளர் இலாகா உண்டு, தீயிலிருந்து தப்பும் வழியைப் பார்க்கத் தீயணைப்புப் படை உண்டு. தனியார் துறையிலும் வழி உண்டு. கட்டுமான இடத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து, அனுபவம் பெற்று மேலே வரலாம். சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டை இல்லாமல் கட்டுமான இடத்தில் வேலை செய்யக் கூடாது, அதற்குப் பாதுகாப்புப் பயிற்சி எடுக்கவேண்டும். தகுதியும் அனுபவமும் உள்ளவர்கள் பொறியாளர் வாரியத்தில் "இன்ஸ்பெக்டர் ஆஃப் வொர்க்ஸ்" என்று பதிவு பெறலாம், 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த வாசலைத் திறந்தது. வீடமைப்பு நிறுவனத்திடம் புது வீடு வாங்கியவருக்குச் சாவி கிடைத்தபின் 24 மாதம் குறைகளைச் சரிசெய்யக் கேட்கும் உரிமை உண்டு. அந்தக் குறைகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே இன்று தனித் தொழிலாக வளர்ந்து வருகிறது.

பெண் பிள்ளைகளே, "இது ஆம்பளைங்க வேலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செங்கல் சுமக்கும் வேலையில்லை இது, கண்ணாலும் கணக்காலும் செய்யும் வேலை. வீட்டில் கூரை ஒழுகும்போது எந்த இடத்தில் பாத்திரம் வைக்கவேண்டும் என்று முதலில் கண்டுபிடிப்பது உங்கள் அம்மாதானே?

தமிழும் உங்களுக்கு இதில் கைகொடுக்கும். அறிக்கை மலாயில் எழுதுவீர்கள், சில இடத்தில் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். ஆனால் லயத்து வீட்டில் இருக்கும் பாட்டி, "ராத்திரியானா சுவத்துல சத்தம் கேக்குது ஐயா" என்று சொல்வதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. கரையான் அரிக்கும் கட்டையைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். நாளைக்கு ஆளுக்கு ஒரு அளவுநாடா எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் நீங்கள் படுக்கும் அறையின் நீள அகலத்தை அளந்து பெருக்குங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். பிறகு சன்னலை அளந்து பாருங்கள். அறை 11 சதுர மீட்டர் என்றால் சன்னல் 1.1 சதுர மீட்டராவது இருக்கவேண்டும். இருக்கிறதா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அடியில் உங்கள் பெயரை எழுதி உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள்.

அதுதான் பரிசோதகரின் அறிக்கை. போய்ப் பார்த்ததை, பார்த்தபடியே எழுதி, தன் பெயரைப் போடுவது. நம் முன்னோர் வீட்டைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். இனி யார் வீட்டைப் பற்றியும், எந்த இனத்தார் வீடாக இருந்தாலும், நேர்மையாகப் பார்த்து எழுதிக் கையெழுத்திடும் கைகளில் உங்கள் கையும் ஒன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.